குழலில் நின்ற சன்னம்

முதலில் ஒன்றைத் தெளிவுபடுத்திவிட வேண்டும், தம்பி. துவக்கிலிருந்து பறக்கிற குண்டு, அதாவது சன்னம், கனமாக இருந்தால் மெதுவாகத்தான் போகும் என்று ஒரு நம்பிக்கை உலகம் முழுக்கப் பரவிக் கிடக்கிறது. படித்தவர்களும் நம்புகிறார்கள், படிக்காதவர்களும் நம்புகிறார்கள். துவக்குக் கடைக்காரர்கள் நம்புவதோடு நிற்காமல் அதை வைத்து வியாபாரமும் செய்கிறார்கள். அது பிழை. மனிதகுலம் விட்ட பெரும் பிழைகளின் வரிசையில், பூமி தட்டை என்றதற்கு இரண்டு மூன்று இடம் தள்ளி இதை வைக்கலாம்.

இரண்டாவது, நான் றோட்டுத் திருத்தப் போகவில்லை. நீங்கள் பஸ்ஸில் ஏறினீர்கள், என் செம்மஞ்சள் மேலங்கியைப் பார்த்தீர்கள், "ஐயா, றோட்டு வேலையோ?" என்று கேட்டீர்கள். தமிழ் முகத்தைக் கண்ட சந்தோஷத்தில் கேட்டீர்கள், அதனால் மன்னிக்கிறேன். இது வேட்டை அங்கி. மற்றவன் நம்மை மிருகம் என்று நினைத்துச் சுடாமல் இருக்கப் போடுவது. மரை வேட்டைக்குப் போகிறேன். நொர்வேக்காரர் எல்க் என்பார்கள், இங்குள்ள தமிழர் மரை என்கிறோம். ஊரில் மரை என்றது வேறு மிருகம். அதையும் விளக்க வேண்டும், ஆனால் நான் இறங்குவதற்கு ஐம்பது நிமிடந்தான் இருக்கிறது.

துவக்கு எங்கே என்று தேடுகிறீர்கள். தேட வேண்டாம். துவக்கு இல்லை. ஏன் இல்லை என்பதைத்தான் சொல்ல வருகிறேன்.

என் பெயர் பஞ்சலிங்கம். ஊரில் உயர்தர வகுப்புக்குப் பௌதிகம் படிப்பித்தேன். எண்பத்தேழில் இங்கே வந்தேன். இந்தப் பள்ளத்தாக்கின் பால் ஆலையில் இருபத்திரண்டு வருடம் இயந்திரம் கழுவினேன். அங்கே என்னோடு வேலை செய்தவர் ஊட்வார். அவர் ஒரு வேட்டைக் குழுவின் தலைவர். ஆறு பேர். இந்த ஆறு பேருக்குள் ஏழாவதாக ஒருவன் நுழைவது என்பது, தம்பி, இந்த நாட்டுக் குடியுரிமை எடுப்பதைவிடக் கடினம். குடியுரிமைக்கு ஏழு வருடம் இருந்தேன். இதற்கு ஒன்பது வருடம் காத்திருந்தேன். பிறகு மூன்று வருடம் விருந்தாளியாக வரச் சொல்வார்கள். மூன்றாம் வருடம், வேட்டை முடிகிற அன்று மாலை, நெருப்பைச் சுற்றி இருந்து வாக்குப் போடுவார்கள். ஆறும் விழுந்தால் நீ குழுவின் ஆள். இல்லாவிட்டால் வணக்கம் சொல்லிவிட்டு வீட்டுக்குப் போகலாம்.

போன வருடம் எனக்கு மூன்றாம் வருடம்.

இனிச் சன்னத்துக்கு வருவோம். தோட்டா என்பது ஒரு பித்தளைக் கோது. அடியில் நெருப்புப் பொறி வைக்கும் சிறு மூடி, உள்ளே வெடிமருந்து, வாயில் சன்னம். சுட்ட கோதை எறியாமல் வீட்டிலேயே திரும்ப நிரப்பலாம். இங்கே சட்டப்படி சரி. அதற்கொரு கைப்பொறி இருக்கிறது, மேசையில் பூட்டிக் கைபிடியை இழுத்து அழுத்துவது. என் மனைவி திலகவதி அதைப் பார்த்த நாளிலிருந்து "இடியப்ப உரல்" என்றுதான் சொல்கிறாள். உடுப்புத் தோய்க்கிற அறையில் வைத்திருந்தேன். ஒரு குளிர்காலம் முழுவதும் அங்கேதான் இருந்தேன்.

"இஞ்சேருங்கோ, சுடத் தெரிஞ்சாக் காணாதே? உதுக்கேன் இந்தப் பாடு?" என்றாள்.

நான் சொன்னேன், "திலகம், கடையில வாங்கிறது ஆருக்கோ செய்தது. இது என்ரை துவக்குக்கு எண்டு செய்தது."

"துவக்கு வந்து கேட்டதோ?"

இப்படிப்பட்ட சூழ்நிலையில்தான் நான் ஆராய்ச்சி செய்தேன்.

கனமான சன்னம் நீளமாக இருக்கும். கம்பனிக்காரன் தோட்டாவின் மொத்த நீளத்தைக் கூட்ட மாட்டான், ஆகவே சன்னத்தின் வாலை உள்ளே தள்ளி வைக்கிறான். சின்ன அறைக்குள் பெரிய அலுமாரியை வைத்தால் ஆள் இருக்க இடம் எங்கே? மருந்துக்கு இடமில்லை. மருந்து குறைந்தால் வேகம் குறையும். உடனே உலகம் சொல்கிறது, கனமான சன்னம் மெதுவாகப் போகும் என்று. குற்றம் சன்னத்தில் இல்லை, அலுமாரியை வைத்த இடத்தில் இருக்கிறது! நான் அலுமாரியை விறாந்தைக்கு இழுத்தேன். சன்னத்தை வெளியே தள்ளி வைத்தேன், உள்ளே இடம் வந்தது, மெதுவாக எரிகிற மருந்தைக் கொஞ்சம் கூடப் போட்டேன். எவ்வளவு என்று கேட்காதீர்கள். சொல்ல மாட்டேன்.

வேகம் அளக்கிற கருவியோடு ஊட்வாரைச் சூட்டுத் திடலுக்குக் கூட்டிப் போனேன். பதின்மூன்று கிராம் சன்னம். அவருடைய கடைத் தோட்டா ஒரு விநாடிக்கு எழுநூற்று இருபத்திரண்டு மீற்றர். என்னுடையது எழுநூற்று அறுபத்தொன்று. ஒரே எடை. ஐந்து தரம் சுட்டேன், ஐந்தும் ஒரு தேத்தண்ணிக் கோப்பையின் வாய்க்குள் அடங்கியது.

ஒரு மனிதன் அந்த இடத்தில் என்ன சொல்ல வேண்டும்? கை கொடுக்க வேண்டும். அவர் என் தோட்டா ஒன்றை எடுத்துத் தன்னுடையதற்குப் பக்கத்தில் மேசையில் நிறுத்தினார். அவர் பேசியது நொர்வேஜிய மொழி, நான் நம் பேச்சில் சொல்கிறேன்.

"நீளம்," என்றார்.

"நீளந்தான்."

"தோட்டா அடுக்கிற மகசினுக்குள்ள போகுமோ?"

"போகாது. ஒவ்வொண்டாக் கையால வைச்சுத் தள்ளுறன்."

"முனை குழலுக்குள்ள வரியில முட்டுதோ?"

துவக்குக் குழலின் உள்ளே சுருளாக வரிப்பள்ளங்கள் ஓடும், தம்பி, சன்னத்தைச் சுழற்றி விடுவதற்காக. "முட்டுது," என்றேன். "முட்டத்தான் வேணும். அதாலதான் குறி தப்பாமல் போகுது."

அவர் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார். "அப்ப காப்பி நேரம் தோட்டாவைத் திரும்ப எப்பிடி இறக்குவாய்?"

"நான் சுடுறதுக்கு ஏத்துறன், ஊட்வார். இறக்கிறதுக்கு ஆராவது ஏத்துவானோ?"

அவர் சிரிக்கவில்லை. "வேட்டையில ஏத்துறதில முக்கால்வாசி இறக்கத்தான்," என்றார்.

கவனியுங்கள். முக்கால்வாசி! அளந்தாரா? குறித்து வைத்தாரா? ஆதாரமில்லாமல் ஒரு பின்னம். அதை அந்த இடத்திலேயே சுட்டிக்காட்டினேன். அவர், "சரி பஞ்சா, உன்ரை விருப்பம்," என்று சொல்லித் தன் தெர்மோஸைத் திறந்தார். நாற்பது வருட அனுபவம் என்பார்கள். நாற்பது வருடமும் ஒரே வருடத்தைத் திருப்பித் திருப்பிச் செய்தால் அது அனுபவமா? சொல்லுங்கள்.

குரல் உயர்ந்துவிட்டதா? பரவாயில்லை. முன்சீட்டுப் பெண்ணுக்குத் தமிழ் தெரியாது.

வேட்டை எப்படி என்று சொல்லிவிடுகிறேன். ஆறு பேரில் ஒருத்தி அஸ்லாவ், பண்ணைக்காரி, அறுபது வயது. துவக்கைத் தோளில் போட்டுக்கொண்டு அவளும் அவள் நாயும் காட்டுக்குள் நடந்து மரையைக் கிளப்புவார்கள். மற்றவர்கள் ஆளுக்கொரு இலக்கம் போட்ட நிலையில் அசையாமல் இருக்க வேண்டும். காதில் வானொலி, ஒருவரோடு ஒருவர் பேசுவதற்கு. எங்கள் காட்டில் ஐந்தாம் நிலைதான் நல்ல நிலை. ஒரு பெரிய பைன் மரம், முன்னால் சதுப்பு நிலம், மரைகள் கடக்கிற பாதை. முப்பத்தொரு வருடம் ஊட்வார் அங்கே இருந்தார். போன வருடம் என்னைக் கூப்பிட்டு, "அஞ்சில நீ இரு," என்றார். முழங்கால் வருத்தமாம். மறுநாள் அதே முழங்காலோடு ஏழாம் நிலைக்கு ஏறினார், அது இன்னும் செங்குத்து. நான் அதை விளங்கிக்கொள்ள முயலவில்லை. நிலை எனக்குப் பொருத்தம், தந்தார், இருந்தேன்.

அந்த வருடம் குழுவுக்கு மரையில் ஒரு பசு, ஒரு கன்று, ஒரு காளை சுட அனுமதி. பசுவும் கன்றும் முதல் கிழமையே முடிந்தது. காளை பிடிகொடுக்கவில்லை. கடைசி நாள் வந்தது. என் நீளத் தோட்டாக்களை நான் காளைக்கென்றே பொத்தி வைத்திருந்தேன். அதுவரை பழைய தோட்டாதான். அன்று காலையில்தான் முதல் தடவையாக ஒன்றைக் காட்டுக்குள் வைத்துத் துவக்கில் ஏற்றினேன். பனி மெல்லியதாக விழுந்திருந்தது. மனதில் ஒரு நிறைவு, தம்பி. அன்று மாலை வாக்கு. பஞ்சலிங்கம், ஐந்தாம் நிலை, காளை. இதற்கு மேல் ஒரு மனிதனுக்கு என்ன வேண்டும்?

பதினொரு மணிக்கு எல்லோரும் நெருப்பு மூட்டிய இடத்தில் கூடிக் காப்பி குடிப்போம். நெருப்படிக்குப் போகுமுன் தோட்டாவை வெளியே எடுத்துவிட வேண்டும். ஏற்றிய துவக்கோடு நெருப்படிக்கு வந்தால் அன்றோடு முடிந்தது. நல்ல விதி, நான் மறுக்கவில்லை. பின்பூட்டை இழுத்தேன்.

கோது வந்தது. சன்னம் வரவில்லை.

முனை வரிப்பள்ளத்தில் இறுகிப் போய், சன்னம் குழலுக்குள்ளேயே தங்கிவிட்டது. கோது வெறும் வாயோடு என் கையில். மருந்தில் பாதி பூட்டுக்குள் கொட்டி, மிச்சம் என் சப்பாத்திலும் பனியிலும் எள்ளுச் சிந்தியது போலச் சிந்தியது. அடைத்த குழலுக்குப் பின்னால் இன்னொரு தோட்டா வைத்துச் சுட்டால் துவக்கு வெடித்து முகம் போய்விடும். அது எனக்குத் தெரியும். நான் முட்டாள் இல்லை.

என்ன செய்ய வேண்டும்? குழல் துடைக்கிற நீளக்கம்பியை முன்பக்கமாக விட்டு ஒரு தட்டுத் தட்டினால் சன்னம் பின்னால் விழுந்துவிடும். ஒரு நிமிட வேலை. கம்பி ஊட்வாரின் காரில் இருந்தது, இருநூறு அடி தூரம். கேட்டால் தந்திருப்பார். கேட்டால், "எப்பிடி இறக்குவாய்?" என்ற அந்தக் கேள்விக்குப் பதில் சொன்னதாகிவிடும். ஆறு பேருக்கு முன்னால். வாக்குக்கு ஐந்து மணித்தியாலம் இருக்கும்போது. நீங்கள் கேட்டிருப்பீர்களா? அவசரப்பட்டு ஓம் சொல்லாதீர்கள்.

நெருப்படிக்குப் போனேன். அஸ்லாவ் கேட்டாள், "எல்லாம் சரியோ, பஞ்சா?"

"சரி," என்றேன். அவள் தந்த காப்பியைக் குடித்தேன்.

திரும்பி நிலைக்கு வந்து ஒரு பேர்ச் மரக் கொப்பை வெட்டிச் சீவிக் குழலுக்குள் விட்டேன். கம்பிக்குப் பதில் கொப்பு. கோட்பாட்டளவில் வித்தியாசமில்லை. பாதித் தூரத்தில் அது முறிந்தது. இப்போது குழலில் சன்னமும் இருந்தது, கொப்பும் இருந்தது.

அந்த நேரம் வானொலியில் ஊட்வாரின் குரல். "அஞ்சு, அஞ்சு. காளை உன்னட்டை வருது. நேரா வருது."

வந்தது. அவசரமில்லாமல் வந்தது. பாலத்தின் மேல் நடக்கிற பாதிரியார் மாதிரி வந்தது. சதுப்பைக் கடந்து என் மரத்துக்கு முன்னால் நின்றது. பிறகு அடி வைத்து அளந்தேன், இருபத்திரண்டு அடி. மூக்கிலிருந்து புகை வந்தது. என்னைப் பார்த்தது. நான் துவக்கைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அந்தத் துவக்கும் ஒரு விளக்குமாறும் அந்த நிமிடத்தில் ஒன்றுதான். காளை மரப்பட்டை ஒன்றைக் கடித்து மென்றது. மென்று முடித்துவிட்டுப் போனது.

"அஞ்சு, எதையாவது கண்டியோ?"

"இல்லை," என்றேன்.

இதைப் பொய் என்று சொல்கிறார்கள். ஒரு வானொலியில், நொர்வேஜிய மொழியில், சன்னத்தின் நீளத்துக்கும் மருந்தின் இடத்துக்கும் உள்ள தொடர்பிலிருந்து தொடங்கி முழுவதையும் விளக்குவது நடக்கிற காரியமா? சுருக்கமாகச் சொன்னேன். அவ்வளவுதான்.

பத்து நிமிடத்தில் நாய் வந்தது. அதன் பின்னால் அஸ்லாவ். காளையின் குளம்படி பனியில் நேரே என் மரத்துக்கு வந்து, நின்று, திரும்பிப் போயிருந்தது. குழந்தைப்பிள்ளைக்கும் விளங்கும். அவள் குளம்படியைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். பனியில் கிடந்த மருந்தைப் பார்த்தாள். நாயை வாரில் கட்டினாள். ஏசியிருக்கலாமே! இரண்டு நாள் அந்தக் காளையின் பின்னால் நடந்தவள், வாய் திறந்து ஏசியிருந்தால் நானும் என் பக்கத்தைச் சொல்லியிருப்பேன். இந்தச் சனங்களுக்கு ஏசவும் தெரியாது.

பிறகு ஊட்வார் ஏறி வந்தார், முழங்காலைப் பிடித்துக்கொண்டு. என் கையிலிருந்து துவக்கை வாங்கினார். பின்பூட்டைக் கழற்றிக் குழலை வானத்துக்கு நேரே பிடித்து உள்ளே பார்த்தார். நெடுநேரம் பார்த்தார். உள்ளே ஒன்றும் தெரிந்திருக்காது, இருட்டுத்தான்.

"பஞ்சா," என்றார். "சொல்லியிருந்தா என்ரை துவக்கைத் தந்திருப்பன்."

ஒரு வருடம் ஆகிறது, தம்பி. இந்த வசனத்தை நினைத்தால் இப்போதும் எனக்குக் கோபந்தான் வருகிறது. ஆர் கேட்டது அவருடைய துவக்கை? முப்பத்தொரு வருட நிலையைத் தந்தார், யார் கேட்டது? துவக்கையும் தந்துவிட்டு இவர் காட்டில் என்ன, கைகட்டிக்கொண்டு இருப்பாரா? அதுவும் அந்தக் கடைத் தோட்டாவை வைத்து, எழுநூற்று இருபத்திரண்டை வைத்து, நான் காளை சுட வேண்டும்! ஏசினால் தாங்கலாம். "நான் அண்டைக்கே சொன்னேனே" என்றால் தாங்கலாம். அதைச் சொல்லவே இல்லை. இன்றுவரை சொல்லவில்லை. அப்படி ஒரு மனிதனோடு எப்படித்தான் பழகுவது?

காளை ஆற்றைக் கடந்து பக்கத்துக் குழுவின் காட்டுக்குள் போனது. அவர்களுக்கு இன்னும் ஒரு கிழமை அனுமதி இருந்தது. மறுநாள் காலை சுட்டார்கள். சுட்டவன் பத்தொன்பது வயதுப் பொடியன். எந்தத் தோட்டா என்று விசாரித்தேன். கடைத் தோட்டா.

அன்று மாலை வாக்குப் போடவில்லை. பிறகு பார்ப்போம் என்றார்கள். ஊட்வார் என் துவக்கைத் தன் வீட்டுக்குக் கொண்டுபோய், கொப்பையும் சன்னத்தையும் எடுத்துத் துடைத்து, எண்ணெய் பூசித் திருப்பித் தந்தார். சன்னத்தைத் தரவில்லை. அது குழுவின் குடிசையில் யன்னல் விளிம்பில் நிற்கிறது, காப்பிக் கோப்பைகளுக்குப் பக்கத்தில். அதை அங்கே வைத்தது யார் என்று கேட்டால் எல்லோரும் கூரையைப் பார்க்கிறார்கள்.

சித்திரை மாதம் கடிதம் வந்தது, அஸ்லாவின் கையெழுத்தில். ஆறு பேரும் ஒருமனதாக என்னைச் சேர்த்துக்கொண்டார்களாம். ஆனால் முதல் வருடம் துவக்கில்லாமல், அஸ்லாவோடும் நாயோடும் காட்டுக்குள் நடக்க வேண்டுமாம். இது என்ன உறுப்புரிமை? பௌதிக ஆசிரியரை வேலைக்கு எடுத்துவிட்டு, வெண்கட்டியைத் தொடாதே என்பது போல!

நான் விடவில்லை. இராஜினாமாக் கடிதம் எழுதினேன். நான்கு பக்கம். சன்னம், கோது, வரிப்பள்ளம் எல்லாம் வரைந்து, அம்புக்குறி போட்டு, எங்கே பிழை நடந்தது என்று காட்டியிருக்கிறேன். அளவுகளில் பிழையில்லை, காப்பி நேரத்தில்தான் பிழை. கடிதம் இந்தப் பையில் இருக்கிறது. வேட்டை தொடங்கிய முதல் நாளே நேரில் கொடுப்பதென்று கிளம்பினேன். அன்று பன்னிரண்டு கிலோமீற்றர் நடந்ததில் நேரம் கிடைக்கவில்லை. அடுத்த நாள் மழை, தாள் நனைந்துவிடும். இன்றோடு பதினொரு நாள். நேற்று திலகவதி கேட்கிறாள், "குடுக்கப் போறீங்களோ, இல்லாட்டி மரைக்கு வாசிச்சுக் காட்டப் போறீங்களோ?"

இந்தப் பொதியா? றொட்டியும் சம்பலும். ஏழு பேருக்கு. அவர்களுக்கு உறைப்பு ஆகாது, ஊட்வார் மட்டும் கண்ணீர் வடிய வடியத் தின்பார். அது வேறு விஷயம். கடிதத்தை இன்று கொடுத்துவிடுவேன்.

இன்னும் ஒரு அவமானம் இருக்கிறது, அதையும் கேளுங்கள். இந்த வருடம் புது விதி போட்டிருக்கிறார்கள். காப்பிக்கு முன் எல்லோரும் தோட்டாவை இறக்கியதும், பின்பூட்டைக் கழற்றிக் குழலை ஒருவர் பார்க்க வேண்டும், அடைப்பு இருக்கிறதா என்று. துவக்கோடு வந்தவர் தன்னுடையதைத் தானே பார்க்கக் கூடாதாம், துவக்கில்லாதவர்தான் பார்க்க வேண்டுமாம். துவக்கில்லாதவர் காட்டில் எத்தனை பேர்? நான் ஒருவன். ஆர் போட்ட விதி என்று கேட்டேன். ஊட்வார் தெர்மோஸைத் திறந்தார்.

வருகிற தரிப்பில் நான் இறங்க வேண்டும். அதோ, சிவப்புக் காருக்குப் பக்கத்தில் முழங்காலைத் தடவிக்கொண்டு நிற்கிறார் பாருங்கள், அவர்தான். பஸ் வருவதற்கு அரைமணி முன்பே வந்து நிற்பார், யார் கேட்டது?

பையை எடுத்துத் தாருங்கள், தம்பி. மெல்ல, சம்பல் இருக்கிறது.

நேற்றும் பதினொரு மணிக்கு நெருப்படியில் வரிசையாக நின்று ஒவ்வொன்றாக என் கையில் தந்தார்கள். ஆறு குழலையும் வானத்துக்கு நேரே பிடித்துப் பார்த்தேன். ஆறிலும் வெளிச்சம் தெரிந்தது. சரி என்றேன். அதற்குப் பிறகுதான் காப்பி ஊற்றினார்கள்.